காத்திருப்போர் பட்டியலில் முதல் இடம்

"இது க்யூ இல்ல சார், லிஸ்ட்டு."

பள்ளி அலுவலகத்து அம்மா இதை மூன்றாம் தடவையாகச் சொன்னார். சொல்லும்போது தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவருக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் மூக்கை விடாத குறையாகக் குனிந்து நின்றிருந்தார் வீட்டுத் தரகர்.

"க்யூன்னா என்ன, லிஸ்ட்டுன்னா என்னம்மா? என் பொண்ணு ஒண்ணாவதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இன்னிக்கு ஒண்ணாவது."

"அப்போ அடுத்த சீட்டு எங்களுக்குத்தான?"

"இன்னிக்கு காலியானா உங்களுக்கு. நாளைக்குக் காலியானா, நாளைக்கு யார் ஒண்ணாவதோ அவங்களுக்கு."

தரகருக்குச் சுருக்கென்று ஏறியது. "காதுல பூ சுத்தறீங்களா? ஒண்ணாவதா நிக்கறவ எப்படிம்மா ரெண்டாவதா ஆவா? நடுவுல எவனாவது பூந்துடுவானா?"

இப்போதுதான் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், கட்டாஃப் மார்க்கத் தாண்டின பிள்ளைங்க எல்லாரும் எங்களுக்கு ஒண்ணுதான். நேரத்துல விண்ணப்பிச்சவங்களுக்கு முதல்ல சீட்டு குடுத்தாச்சு. அதுல மிஞ்சினவங்களையும், உங்கள மாதிரி தேதி முடிஞ்சப்புறம் வந்து லேட் பரீட்சை எழுதி பாஸானவங்களையும் ஒரே லிஸ்ட்ல போடறோம். யார் முதல்ல வந்தாங்க, யார் கடைசில வந்தாங்கன்னு பாக்கறதே இல்ல. எங்க கேட்லேருந்து யார் வீடு பக்கமோ அவங்க மேல. புதுசா ஒரு பிள்ளை சேர்ந்தா மறுபடியும் அடுக்குவோம். அந்தப் பிள்ளை வீடு உங்க வீட்ட விடப் பக்கம்னா உங்களுக்கு மேல போயிடும். அவ்வளவுதான். அடுத்தவங்க நிக்கறாங்க, கொஞ்சம் தள்ளுங்க."

இதைவிடத் தெளிவாக எந்த மகராசியும் சொல்ல முடியாது. ஆனால் தரகர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: பக்கம். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகத்தில் இருந்த கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. தூரம் அவருடைய தொழில் ஆயிற்றே! அந்தப் பள்ளியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் மரக்கடை, அந்தப் பக்கம் முதியோர் இல்லம், பின்னால் பெட்ரோல் பங்க், எதிரே நான்கு மாடிக் கட்டடம் ஒன்று. அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லாம் பல் விழுந்தவர்கள். பிள்ளை உள்ள வீடு என்று பார்த்தால் மேம்பாலத்துக்கு இப்பால் உள்ள தரகர் வீடுதான் முதலில் வரும்.

"எங்கள விடப் பக்கத்துல எவன் வரப்போறான்?" என்றார். "அந்தத் தெருவுல ஒரு கதவு காலியானாக்கூட எனக்குத்தான் முதல்ல போன் வரும்."

அந்த அம்மா அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அது சரி, இந்த மனிதர் ஏன் தேதி முடிந்த பிறகு போய் நின்றார்? பெண்ணுக்கு மண்டையில் ஒன்றும் இல்லாமலா? சேச்சே! பெண் கற்பூரம். வீட்டில் அவளைப் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். வயசுக்கேற்ற உயரம் இல்லை, ஓர் இடத்தில் நிற்கவும் மாட்டாள். ஆனால் கணக்கைப் பார்த்தாள் என்றால் பேனா எடுக்காமலேயே விடையைச் சொல்வாள். பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் அந்தப் பள்ளியைத் தவிர வேறு எதையும் அவள் இரண்டு வருஷமாக வாயால் சொன்னதில்லை. தேதியைத் தவறவிட்டது அவளுடைய அப்பாவின் ரோஷம்.

அவருடைய அண்ணன் ஆடிட்டர். போன வருஷம் அந்த அண்ணன் ஒரு வீடு வாங்கினார். வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? கூடப் பிறந்த தம்பி ஊரெல்லாம் வீடு காட்டிக்கொண்டு அலைகிறான். இவர் போய் எவனோ ஒரு தரகனைப் பிடித்து வீட்டை முடித்துவிட்டு வந்து, "உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்" என்றால் எரியுமா எரியாதா? தரகருக்கு எரிந்தது. அன்றைக்கே அண்ணன் நம்பரைத் தன் போனில் தடுத்துப் போட்டார். அண்ணி நம்பரையும் போட்டார். அதோடு விட்டாரா? மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தன் மனைவியின் போனை வாங்கி, அதிலும் இரண்டையும் தன் கையாலேயே தடுத்து வைத்தார்.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வந்தது. அண்ணன் பையனுக்கும் பட்டாணி வயசுதான், அவனும் அதே பள்ளிக்கு எழுதுகிறான். "நாளையோட முடியுதுடா, பட்டாணிக்குப் போட்டுட்டியா?" என்று அண்ணன் செய்தி அனுப்பியிருந்தார். அது எங்கே போய்ச் சேரும்? தரகரோ கடைசித் தேதி மாசக் கடைசி என்று யாரோ சொன்னதை நம்பிக் காலாட்டிக்கொண்டிருந்தார். பட்டாணி அன்றைக்கு அழுத அழுகையை அவர் மனைவி இன்னும் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை.

அப்புறம்தான் லேட் விண்ணப்பம், லேட் பரீட்சை, காத்திருப்போர் பட்டியல் என்று இந்தக் கூத்தெல்லாம். பட்டாணி எழுதினாள், கட்டாஃப் மார்க்கைத் தாண்டினாள், பட்டியலில் முதல் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். தரகர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வாரமே அவருக்கு ஒரு போன் வந்தது. பள்ளிக்கு எதிரே இருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி வீடு காலி.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது மனைவி கையைத் தட்டிலேயே நிறுத்தினார். "என்னங்க, அதுக்கு நாமளே போயிடலாமே? கேட்டுக்கு நேரா எதிர்ல. அதுக்கு மேல யாராலயும் பக்கத்துல வர முடியாதுல்ல?"

"உனக்கென்ன பைத்தியமா? ஒண்ணாவதா இருக்கறவன் எதுக்கு ஓடணும்? அந்த வீடு தீப்பெட்டி மாதிரி இருக்கும். அடுப்படில ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆளு மூச்சு விட முடியாது."

"பொண்ணுக்காக ஒரு வருஷம் மூச்ச அடக்கிக்கறேன்."

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாத வீடா?"

மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவும் தொட்டியில் போட்ட சத்தம் மட்டும் கேட்டது.

வீடு காட்டுவதில் தரகருக்கென்று ஒரு முறை உண்டு. ஆள் வருவதற்கு முன்னாலேயே போய் ஜன்னலெல்லாம் திறந்து வைப்பார். குழாயைத் திறந்துவிட்டுத் துருத் தண்ணீர் போகிற வரைக்கும் ஓட விடுவார். சின்ன வீடாக இருந்தால் நாற்காலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிள்ளை உள்ள குடும்பம் என்றால் அறைகளைக் காட்டுவதற்கு முன்னால் நேரே பால்கனிக்கு அழைத்துப் போய்ப் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று கை நீட்டுவார். இருபது வருஷமாக இந்தக் கை எத்தனையோ பள்ளிக்கூடத்தைக் காட்டி எத்தனையோ வீட்டைத் தள்ளிவிட்டிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. வேலை மாற்றலாகி வேறு ஊரிலிருந்து வருகிறார். கூடவே அவர் மகள், பட்டாணியைவிட ஒரு தலை உயரம். லீவு நாள் என்பதால் பட்டாணியும் அப்பாவோடு வந்திருந்தாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணுக்கு இவளே வீட்டைச் சுற்றிக் காட்டினாள்.

"ரூமெல்லாம் ரொம்பச் சின்னதா இருக்கே" என்று டாக்டரம்மா இழுத்தார். கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டார். அந்தப் பை தோளில் ஏறினால் ஆள் போகப்போகிறது என்று தரகருக்குத் தெரியும்.

"இங்க ஒரு நிமிஷம் வாங்க டாக்டர்." பால்கனிக் கதவைத் திறந்தார். எதிரே கேட். நல்ல நேரம் பார்த்துச் சனிக்கிழமைப் பரீட்சைக்கு மணியும் அடித்தது. "பாத்தீங்களா? இந்த ஊரிலேயே நம்பர் ஒன் பள்ளிக்கூடம். ரோட்டத் தாண்டினா கிளாஸ் ரூம்."

"அட்மிஷன் எல்லாம் முடிஞ்சிருக்குமே சார்."

"யார் சொன்னா முடிஞ்சிடுச்சுன்னு? தாராளமா லேட்டா விண்ணப்பிக்கலாம். என் பொண்ணே அப்படி எழுதினவதான். சனிக்கிழமை சனிக்கிழமை பரீட்சை வைக்கறாங்க. உள்ள போனீங்கன்னா கடைசி கவுன்ட்டர்ல ஒரு அம்மா இருப்பாங்க. கொஞ்சம் சிடுசிடுப்பு. ஆனா கேட்டா ஃபாரம் குடுப்பாங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பாவி மனிதா! அந்த நேரத்தில் வாயை ஒட்டி வைத்திருக்கக் கூடாதா? கவுன்ட்டர் வரைக்குமா வழி சொல்வது? ஆனால் கையில் சாவிக்கொத்தோடு நிற்கும்போது அவர் தகப்பன் இல்லை, தரகர். கை நழுவப் பார்த்த வீட்டை முடித்தாக வேண்டும், அவ்வளவுதான் புத்தியில் இருந்தது. டாக்டரம்மா பையைத் தோளிலிருந்து இறக்கினார். அன்று சாயங்காலமே சாவி கை மாறியது.

அதற்கப்புறம் அவர் அந்த வீட்டை மறந்தே போனார். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பெயின்டர் ஒருவர் வாயிலிருந்துதான் விஷயம் வந்தது. தரகர் வீடுகளுக்கும் அவர்தான் வெள்ளையடிப்பார், அண்ணன் வீட்டுக்கும் அவர்தான்.

"உங்க அண்ணன் பையன் ஏதோ ஸ்போர்ட்ஸ் ஸ்கூலுக்குப் போறானாமே சார். யூனிஃபார்ம் எல்லாம் வாங்கியாச்சு."

"எங்க? அவனுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல சீட்டு கிடைச்சுதே?"

"அதையும் வச்சிருக்காங்க போல."

அவ்வளவுதான், தரகருக்குக் கண்ணு மண்ணு தெரியவில்லை. இரண்டு பள்ளியில் இடம் வைத்துக்கொண்டு ஒன்றை அடைகாக்கிறார்களா? என் பெண் வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்தேவா? ஞாயிற்றுக்கிழமை மதியம், இனிமேல் மிதிக்கவே மாட்டேன் என்று சபதம் போட்ட அந்த வீட்டுப் படியை ஏறினார்.

அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர், அளந்துதான் பேசுவார். மேசையில் கிடந்தது அந்த வேறு பள்ளிக்கூடத்துச் சட்டை. அண்ணன் சோபாவிலிருந்து பதறி எழுந்தார். "வாடா, உக்காரு."

"உக்கார வரல." தரகர் கண் கூரையின் மூலைக்குப் போனது. தொழில் புத்தி எங்கே போகும்? "கசியுது பாரு மேல."

"வீடு பாக்க வந்தீங்களா தம்பி?" என்றார் அண்ணி.

"உங்க பையன் வேற எடத்துக்குப் போறான்ல? அப்புறம் இந்த சீட்ட எதுக்குக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க? என் பொண்ணு லிஸ்ட்ல ஒண்ணாவது. நீங்க விட்டா அவளுக்கு வந்துடும். அது பொறுக்கல உங்களுக்கு. வயித்தெரிச்சல்!"

"டேய், கொஞ்சம் கேளுடா" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"நீங்க இருங்க" என்றார் அண்ணி. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "யாருக்கு வயித்தெரிச்சல்? எங்க பையனுக்கு அங்க கிடைச்ச அன்னிக்கே இத விட்டுத் தொலைச்சிருப்பேன் நான். உங்க அண்ணன்தான் என் கையப் பிடிச்சார். 'பட்டாணி லேட் பரீட்சை எழுதியிருக்காளாம், நம்ம பையன் பாத்திருக்கான். ரிசல்ட் வரட்டும். அவ லிஸ்ட்ல மேல வந்தப்புறம் விடுவோம், இப்ப விட்டா வேற எவனோ கொண்டு போயிடுவான்'னு. அவ எத்தனாவது, இப்ப விடலாமான்னு கேக்கத்தான் மூணு வாரமா உங்களுக்குப் போன் போட்டுட்டே இருக்கார். உங்க வீட்டம்மாவுக்கும் போட்டார். ஒரு தடவையாவது மணி அடிச்சுதா உங்க போன்ல?"

தரகர் சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

"வீட்டுக்கே போய்ப் பாத்துட்டு வரேன்னார். போன எடுக்காதவன் வாசல்ல போய் நிப்பீங்களான்னு நான்தான் தடுத்தேன். ஆமா, நான்தான். எனக்கும் ரோஷம் இருக்கு."

கொஞ்சமாவது ஈரம் உள்ளவனாக இருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். அண்ணன் கையைப் பிடித்திருப்பான். ஒரு டம்ளர் தண்ணீராவது கேட்டிருப்பான். தரகருக்கும் உள்ளே ஏதோ ஒன்று இளகத்தான் செய்தது. ஆனால் அண்ணி முன்னால் இளகுவதா?

"அதான் இப்ப வந்துட்டேன்ல. இப்ப விடுங்க."

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மகனுடைய லேப்டாப்பை எடுத்துவந்து மேசையில் வைத்து, பள்ளியின் அட்மிஷன் பக்கத்தைத் திறந்தார். அண்ணன், "அவசரப்படாத, அவ இன்னும் ஒண்ணாவதுதானான்னு நாளைக்கு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றார். நல்ல வார்த்தை அது. அந்த அறையில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே நல்ல வார்த்தை.

"ஒண்ணாவதுன்னா ஒண்ணாவதுதான்!" என்று கத்தினார் தரகர். "இன்னும் எத்தன நாளைக்கு இழுக்கப் பாக்கறீங்க?"

அண்ணி பொத்தானைத் தட்டினார். நிச்சயமா என்று திரை கேட்டது. அதையும் தட்டினார். "விட்டாச்சு. இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

"எதுக்கு ஏறணும்? அந்தக் கசிவ மட்டும் பாத்துக்குங்க. உங்க தரகன் நல்லாத் தலையில கட்டிட்டுப் போயிருக்கான்."

அண்ணன் சோபாவில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரகர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே பேக்கரிக்குப் போய்ப் பெரிய கேக் ஒன்றை வாங்கி, அதன் மேல் 'பட்டாணி' என்று எழுத வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசை நடுவில் கேக், பக்கத்தில் கத்தி, கத்திக்குப் பக்கத்தில் போன். பட்டாணி நாற்காலியில் முட்டி போட்டு நின்றாள். காலியிடங்களைத் திங்கட்கிழமை காலையில்தான் நிரப்புவார்கள், நிரப்பியதும் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். மனைவிகூட மருந்துக்கடைக்குக் கொஞ்சம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு நின்றார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

போன் அடித்தது. புது நம்பர். தரகர் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, கையை ஆட்டி அமைதி என்றார்.

"சார், நான்தான் பல் டாக்டர் பேசறேன், புது நம்பர். எங்க வீட்ல எல்லாரும் குதிச்சிட்டிருக்கோம்! இப்பத்தான் பள்ளிக்கூடத்துலேருந்து போன் வந்துது. என் பொண்ணுக்கு சீட்டு கிடைச்சிடுச்சு!"

தரகர் குனிந்து போன் திரையிலிருந்த நம்பரைப் பார்த்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே லேட்டா எழுதினா சார். வெள்ளிக்கிழமைதான் லிஸ்ட்லயே பேர் வந்துது. யாரோ நேத்து ஒரு சீட்ட விட்டிருக்காங்க. எங்க வீடுதான் கேட்டுக்குப் பக்கம்னு இவளக் கூப்பிட்டுட்டாங்க. எல்லாம் நீங்க அன்னிக்கு பால்கனில நின்னு சொன்ன வார்த்தைதான் சார். உங்க பொண்ணுக்கும் வந்திருக்குமே? இருங்க, இவ உங்க பொண்ணுகிட்ட பேசணுமாம்."

போனை அணைக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. பட்டாணிதான் கையை நீட்டி மேசையிலிருந்து எடுத்தாள்.

"கங்கிராட்ஸ்" என்றாள். குரல் பிசிறவில்லை. அந்தப் பக்கம் அந்தப் பெண் என்னவோ கேட்டாள். "ம்... இல்ல, இன்னும் வரல. அந்த மூணாவது ஜன்னல் தாழ்ப்பாள் இன்னும் ஒட்டிக்குதா? நான் காமிச்சேன்ல, கொஞ்சம் தூக்கிட்டுத் தள்ளணும். சரி. பை."

போனை கேக்கின் பக்கத்திலேயே வைத்தாள். மனைவி கேக் பெட்டியின் மூடியை எடுத்து மூடினார். மேசையில் இருந்த கத்தியையும் எடுத்துக்கொண்டார்.

"நீங்க நல்ல தரகர்தாங்க" என்றார். "தீப்பெட்டி மாதிரி இருந்த வீட்ட எவ்வளவு அழகாத் தள்ளிவிட்டுட்டீங்க!"

"எனக்கென்னடி தெரியும், அவங்க இப்படி..."

"தெரியாதா? அந்த ஆபீஸ் அம்மா தலையில அடிச்சிட்டுச் சொன்னாங்கள்ல? நான் சொன்னேன்ல? உங்க அண்ணன் சொல்ல வந்தாருல்ல? யார் பேசினாலும் உங்க காதுல ஏறாது. உங்க வாய் மட்டும் ஊரெல்லாம் போகும்." கைப்பையை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமலேயே வேலைக்குக் கிளம்பினார்.

பட்டாணி நாற்காலியிலிருந்து இறங்கி நின்றாள். இறங்கியதும் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள்.

"அப்பா, இப்ப நான் எத்தனாவது?"

அவர் கணக்குப் போட்டார். டாக்டர் மகள் பட்டியலிலிருந்து போய்விட்டாள். "ஒண்ணாவதுதான்டா" என்றார். "இன்னிக்கும் நீதான் ஒண்ணாவது."

"அப்போ இன்னொருத்தர் சீட்ட விட்டா எனக்கா?"

"ஆமாடா கண்ணு. யாராவது விட்டா."

"நேத்து விட்டது பெரியப்பாவாப்பா?"

அவர் தலையாட்டினார்.

பட்டாணி மூடிய கேக் பெட்டியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் அறைக்குள் போனாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் திரும்பிக் கேட்டாள்.

"எனக்காக விடறதுக்கு எனக்கு இன்னொரு பெரியப்பா இருக்காராப்பா?"